தவறணை போகாதவன் குடித்த சாராயம்

எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் இருந்தேன். இடையில் சீதபேதி பிடித்துக்கொண்டது. பதுளையில் ஒரு டாக்டர் அம்மா, மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லி, முடிவைப் பார்த்துவிட்டு, குடலில் அமீபா என்று மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார். சில பாக்டீரியாக்களையும் அமீபா போன்ற ஒட்டுண்ணிகளையும் இந்த ஒரே மாத்திரை கொல்லுமாம். இத்தனை சின்னதுக்கு இரண்டு வேலையா என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வாயில் இரும்பு ருசி வரும், சுகமானாலும் பாதியில் நிறுத்தக் கூடாது, மாத்திரை முடிந்து மூன்று நாள் போகும்வரை சாராயம் தொடவே கூடாது என்றார். வேறு மருந்து குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். விரதக்காரனிடம் சாராயப் பேச்சா என்று மனசுக்குள் கொஞ்சம் கோபம்தான்.

மறுநாள் மதியம், வயிற்றுக்கு நல்லதென்று மனைவி வழக்கம்போல் ஆயுர்வேத அரிஷ்டம் ஊற்றித் தந்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் கொதித்தது, நெஞ்சு படபடத்தது, வாந்தியும் வந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடலாம் என்றேன். அதை டாக்டர் சொல்லட்டும் என்று அவள் மாத்திரையையும் அரிஷ்டப் போத்தலையும் பையில் போட்டு, என்னைத் த்ரீவீலரில் ஏற்றினாள்.

டாக்டர் அம்மா போத்தலை வாசித்துவிட்டு, "ஐயா, சாராயத்துல இருக்கிறது இதுலயும் இருக்கே" என்றார். அந்த அல்கஹோலை யாரும் ஊற்றிக் கலப்பதில்லையாம். கஷாயத்தில் வெல்லம் போட்டு மூடிவைத்தால், புளிக்கும்போது தானாகவே உண்டாகுமாம். எனக்கு வாந்தி மறந்து ஆச்சரியம் வந்துவிட்டது.

"தவறணைப் பக்கமே போகாத மனுசன நானே குடிகாரனாக்கிட்டேனே" என்றாள் மனைவி.

படபடப்பு அடங்கும்வரை உட்காரவைத்து, அரிஷ்டத்தை நிறுத்தி மாத்திரையை முடிக்கச் சொல்லி அனுப்பினார். வயிறு சரியானது. ஆனால் விரதம் கெட்டுவிட்டதா என்ற கேள்வி என்னை விடவில்லை. பால்குடத்தைத் தொடும் தகுதி இருக்கிறதா என்று பூசாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"அந்த அரிஷ்டத்தத்தான் நானும் தினம் ராத்திரி குடிக்கிறேன்" என்றார் மெதுவாக. "தெரியாம குடிச்சதுக்கு ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நீ கொடத்தத் தூக்குப்பா."

மனசு லேசானது. கும்பிட்டுக்கொண்டே, "சாமி, நீங்க மாத்திர ஏதும் போடுறீங்களா?" என்று கேட்டேன்.