தறி நின்ற நாளில் எடுத்த நாவல்

குழந்தை பிறந்த பிறகு எனக்கு நாவல் படிக்க வரவில்லை. நேரமில்லை என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் அது உண்மையில்லை. நேரம் கிடைக்கத்தான் செய்தது. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கும்போது நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தைத் திறப்பேன். ஒரு பத்தி போகும். அந்தப் பத்தியில் வந்தவன் யார் என்பது அடுத்த பத்தியில் மறந்திருக்கும். போய்விட்டதா, இனிமேல் வரவே வராதா என்று பயமாக இருக்கும். என்னிடம் இருந்த நல்ல விஷயம் ஒன்றே ஒன்று என்றால் அது இந்தப் படிப்புதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் நான் வேறு மாதிரி. ஏனாத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் கையில் நாவல் இருக்கும். இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் தன் மகனிடம் என்னைப் பற்றிச் சொன்ன முதல் புகாரே இதுதான்.

"புக்க எடுத்தான்னா வூடு பத்திக்கினாலும் தெரியாதுப்பா இவளுக்கு."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதற்கு முந்தின நாள்தான் அடுப்பில் குழம்பு தீய்ந்து வீடெல்லாம் புகையாக இருந்தது. நான் அதே அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டது மாமியார்தான். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். காதில் பஞ்சு, தலையில் துணி, தட்டில் பூண்டும் பால்சுறாப் புட்டும். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். தலையணை பக்கத்தில் இருந்த நாவலை அவர் எடுத்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

"பச்ச ஒடம்புமா. இப்ப படிச்சினா நாளைக்கு கண்ணு பூடும். ஊசில நூல் கோக்க முடியாது."

"நான் எதுக்கு அத்தை ஊசில நூல் கோக்கப் போறேன்?"

"பேசாத. பச்ச ஒடம்பு."

புத்தகங்களை ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி பரண்மேல் வைத்துவிட்டார். நான் போனில் படிப்பேன் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் போனைத் திறந்தால் குழந்தை தும்மினால் என்ன, தும்மாவிட்டால் என்ன என்று தேடத்தான் கை போனது. உடம்பு தேறியதும் அவரே மூட்டையை இறக்கிக் கொடுத்தார். அவர் எடுத்து வைத்தது புத்தகங்களை மட்டும்தானா என்று அப்போது சந்தேகம் வந்தது. ஏனென்றால் புத்தகங்கள் திரும்பி வந்தும் படிப்பு திரும்பி வரவில்லை.

எந்த நாவலை எடுத்தால் திரும்பும்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆய்வகத்தில் கரைசல் நிறம் மாறவில்லை என்றால் எதைக் கூட்டினோம், எதைக் குறைத்தோம் என்று பார்ப்போம் இல்லையா, அப்படித்தான் இதையும் பார்க்க ஆரம்பித்தேன். பிள்ளை பெற்ற தோழிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒல்லியான புத்தகமாக எடு என்றாள் ஒருத்தி. எடுத்தேன். எழுதியவர் இடத்தை மிச்சம் பிடிக்க வரிக்கு வரி தத்துவத்தை அடைத்து வைத்திருந்தார். ஏற்கெனவே பிடித்ததைத் திரும்பப் படி என்றாள் இன்னொருத்தி. கல்லூரியில் படிக்கிற காலத்தில் அழுது தீர்த்த ஒரு காதல் கதையை எடுத்தேன். அம்மாவை எதிர்த்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற பெண்ணுக்காக அன்றைக்கு அழுதிருந்தேன். இப்போது அதே பக்கத்தில், ஐயோ, இவள் காலையிலிருந்து சாப்பிடவில்லையே என்றுதான் தோன்றியது. வாசலில் நிற்கிற அம்மாவின் பக்கம் நான் எப்போது போய்ச் சேர்ந்தேன்? சுவாரஸ்யமான விஷயம்தான், ஆனால் அதற்கு மேல் கதை நகரவில்லை. கணவர் ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு துப்பறியும் மாத நாவல் வாங்கி வரச் சொன்னேன். கொலை நடந்தது. செத்தது யார் என்பதே என் மண்டையில் நிற்கவில்லை, கொன்றவனை எங்கே பிடிப்பது.

கடைசியில் கிளை நூலகத்துக்கே போனேன். வாசனை அப்படியே இருந்தது. நாவல் அலமாரிக்கு முன்னால் நின்று ஒன்றொன்றாக முதல் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. முதல் பக்கம் என்பது பெண் பார்க்க வருகிற அன்றைக்கு வீடு இருப்பது மாதிரி. எல்லாம் துடைத்து வைத்திருக்கும். அந்த வீட்டில் வாழ முடியுமா என்று தெரிய வேண்டுமானால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். அதனால் நடுவில் திறந்து பார்த்தேன். பல புத்தகங்களில் நடுவில் யாரோ ஜன்னல் வழியாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் மட்டும் இரண்டு பெண்கள் ஒரு பக்கெட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டேன். ஒரு சின்ன ஊர் லாட்ஜில் ஒரு பெண் தனியாக வந்து அறை எடுக்கிறாள். எதற்கு வந்தாள் என்று சொல்வதில்லை, காலி செய்வதுமில்லை. அவ்வளவுதான் பின்அட்டையில் போட்டிருந்தது.

எடுத்தாயிற்று. எப்போது படிப்பது? அமாவாசை அன்றைக்கு என்று முடிவு செய்தேன். காரணம் இருந்தது. அத்தை பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் முடிகிறார். நெசவு வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் சேலை வந்துகொண்டே இருக்கும். அமாவாசை அன்று எங்கள் ஊரில் தறிக்கு லீவு, அத்தைக்கும் கையில் வேலை இருக்காது. குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு மதியம் முழுக்கப் படிக்கலாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு மதியம் குழந்தை தூங்கவே இல்லை. தோளில் போட்டுப் பார்த்தார் அத்தை, தூளியில் ஆட்டிப் பார்த்தார், வயிற்றில் பெருங்காயம் பற்றுப் போட்டார். வீடே அதிர்ந்தது.

"இன்னாமா இது, இன்னைக்கு இப்டி அழுதுக்கினே இருக்குது?"

பக்கத்து வீட்டு நெசவுக்காரர் அந்த நேரம் பார்த்து, திருஷ்டியாக இருக்கும் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். சுவரை ஒட்டி அவருடைய தறி. நாங்கள் அந்தத் தடக் தடக்கைக் காதில் வாங்குவதே இல்லை. குழந்தை மட்டும் வயிற்றில் இருந்த நாளிலிருந்து அதைக் கேட்டுத்தான் தூங்குகிறாள். அமாவாசைக்குத் தறி ஓடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதை வைத்துத்தான் நான் திட்டமே போட்டேன். தறி நின்றால் இவளும் தூங்க மாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை; போன அமாவாசைகளில் அழுததை வயிற்றுவலி என்றே நினைத்திருந்தோம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நீ அழு, நான் படிக்கிறேன் என்று அவள் முகத்துக்கு நேராகப் புத்தகத்தைப் பிடித்து உரக்கப் படித்தேன். பிடிவாதத்துக்குத்தான் படித்தேன். லாட்ஜ்காரன் மனைவி பக்கெட்டைக் கேட்டாள். அறைக்காரி தர மாட்டேன் என்றாள். குழந்தை நிறுத்தினாள். என் வாயைப் பார்த்தாள். நான் நிறுத்தினேன், அவள் ஆரம்பித்தாள். மறுபடி படித்தேன். அந்தப் பக்கெட் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிவதற்குள் தூங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் தறி ஓடுகிற நாளிலும் சாயங்காலத்தில், முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, அப்படிப் படிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது புது ஆராய்ச்சி. யாராவது பேசிக்கொண்டால் குழந்தை கவனிப்பாள். மலை, மேகம், நிலா என்று வந்தால் நெளிவாள். நல்ல விமர்சகி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. உரக்கப் படிக்கும்போது என் வாய்தான் படித்தது. மூடி வைத்ததும் கதை துடைத்த மாதிரி போய்விடும். பயம் அப்படியே இருந்தது.

ஒருநாள் அத்தை பட்டு நூலை முறுக்கி முடிந்துகொண்டே கேட்டார்.

"இன்னைக்காவது ரூம காலி பண்ணுவாளா அவ?"

"யார் அத்தை?"

"இன்னா யாரு? நீதானமா படிக்கிற! அந்த லாட்ஜிப் பொண்ணு."

நான் விழித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் என்றைக்கு வந்தாள், என்ன பெட்டி கொண்டுவந்தாள், லாட்ஜ்காரன் முழி ஏன் சரியில்லை, அவன் மனைவி ஏன் அவளிடம் வலியப் போய்ப் பேசுகிறாள். நான் படித்த நாவலை அவர் எனக்குச் சொன்னார். குஞ்சம் முடிகிறவருக்குக் கைதான் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும் என்பதை நான் யோசித்ததே இல்லை. மனதுக்குள் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"அவ பெத்த கொழந்தைய எங்கியோ வுட்டுட்டு வந்துட்டா. அதுக்காவத்தான் காத்துக்கினு இருக்குறா," என்றார் முடிவாக.

"இல்ல அத்தை. அவ யாருக்கோ பயந்து ஒளிஞ்சிருக்கா."

"பயந்தவ பக்கெட்டுக்கு சண்ட போடுவாளா?"

இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அவர் சொல்வது சரியா, நான் சொல்வது சரியா? சாப்பிடும்போதும் அதுதான், துணி காயப்போடும்போதும் அதுதான். அடுத்த நாள் மதியம் அத்தை முடித்த சேலைகளைக் கடையில் கொடுக்கப் போனார். பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது, குழந்தை தூங்கினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரே ஒரு பக்கம் பார்த்துவிடலாம் என்று நாவலை எடுத்தேன்.

தலை நிமிர்ந்தபோது கடைசிப் பக்கம் முடிந்திருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. அந்தப் பெண் ஏன் அந்த அறையை விடவில்லை என்று தெரிந்துவிட்டது. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகியிருந்தது. குழந்தை எழுந்து தன் கால்விரலைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் எதையும் கேட்கவில்லை, எதையும் முகரவில்லை. அவசரமாகப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். அத்தை வந்ததும் மூக்கைச் சுளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

சாயங்காலம் வழக்கம்போல, முந்தின நாள் உரக்கப் படித்து விட்ட இடத்திலிருந்து படித்தேன். லாட்ஜ்காரன் மனைவியும் அறைக்காரியும் சமாதானமாகி, கிணற்றடியில் உட்கார்ந்து சிரிக்கிற இடம். குழந்தைகூடச் சிரித்தாள். எனக்குத்தான் முடியவில்லை. அவர்கள் இன்னும் எத்தனை நாள் அப்படிச் சிரிக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தையின் கை நின்றது.

"சிரிக்கிற எடம்தானமா? உன் கொரல் ஏன் இப்டி போவுது?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"இரு. நீ மிச்சத்தையும் படிச்சிட்ட. பால் தீஞ்சது அப்பத்தான். இல்லனு சொல்லு?"

நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் மடியிலிருந்த சேலையைத் தள்ளி வைத்தார். நிஜமான கோபம். அந்த நேரத்தில் என் கணவர் கம்பெனிச் சட்டையோடு உள்ளே வந்தார். அத்தை அவரை உட்காரக்கூட விடவில்லை.

"பாருப்பா. எங்கள நட்டாத்துல வுட்டுட்டு இவ மட்டும் முடிச்சிட்டா. புக்க எடுத்தான்னா வூடு பத்திக்கினாலும் தெரியாதுப்பா இவளுக்கு!"

அதே பழைய புகார். ஒரு சொல் மாறவில்லை. எனக்கு முகமெல்லாம் சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது. கணவர் ஒன்றும் புரியாமல், "ஏம்மா அவள அழ வெக்கிற?" என்றார்.

"அழுவுறத அப்பறம் வெச்சிக்கட்டும்," என்று அத்தை சேலையை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். "படிமா. முடிவ மட்டும் சொல்லாத."

நான் கிணற்றடியிலிருந்து படித்தேன்.