என் பேரு பத்தாதுங்களா?

பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய தலைவியைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் ஆசிரியை நான். சென்ற தேர்தலில் எனக்குக் குமாரபாளையத்தில் வாக்குச்சாவடிப் பணி. மதிய வெயிலில், சுற்றியிருந்த தறிக்கூடங்களின் பஞ்சு கனவுபோல மிதந்துகொண்டிருந்தது. தலையெல்லாம் பஞ்சோடு ஓர் அம்மா வந்து நின்றார். பேர் பழனியம்மாள் என்றார்; பட்டியலில் இரண்டு பழனியம்மாள் இருந்தார்கள்.

"வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்றேன்.

"அவிங்க பேரை நான் சொல்றதில்லைங்க."

"சொன்னாத்தான் ஓட்டு."

அவர் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. திரும்பிப் போனவர் வாசலில் நின்றார்.

"என் ஓட்டுக்கு என் பேரு பத்தாதுங்களா, சாமி?"

அப்போதுதான் அவர் கைக்குள் இருந்த அடையாள அட்டையைப் பார்த்தேன். நான் அதைக் கேட்கவேயில்லை. கூப்பிட்டு, அட்டை எண்ணைப் பட்டியலில் சரிபார்த்து, விரலில் மை வைத்தேன்.

‘அந்தத் தலைவியின் கணவர் யார்?’ என்று வகுப்பில் ஒரு மார்க் கேள்வி கேட்பது என் வழக்கமாக இருந்தது. அதன்பிறகு கேட்டதில்லை.