காய்க்காத சரிவு

காட்டு இஞ்சியை வெட்டுவது பெரிய வேலையில்லை. வெட்டிய பிறகு மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கை ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தோண்டுவதுதான் ஆளைத் தின்கிற வேலை. ஒடிலியா பதினோரு வருடமாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். விரல் பருமனில் ஒரு துண்டு விட்டுப்போனாலும், அடுத்த மழைக்கு அதே இடத்தில் மஞ்சள் பூவோடு நிற்கும். நடுக்கடலில் கிடக்கும் சாவ் மிகேல் தீவின் கிழக்குக் கோடியில், நோர்தெஸ்தே மலையில், அடுத்த மழை என்பது பெரும்பாலும் மத்தியானம்தான்.

அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. வலது முழங்கால் ஏறும்போது வலிக்கும், இடது முழங்கால் இறங்கும்போது. காலையில் வண்டி அவர்களை மேகத்துக்குக் கீழே இறக்கிவிடும். அங்கிருந்து நடை. தோளில் களைக்கொத்து, பையில் ரொட்டி, வேகவைத்த சேப்பங்கிழங்கு, இரண்டு துண்டு தொத்திறைச்சி. எட்டுப் பேர் குழுவில் அவள்தான் மூத்தவள். அடுத்தவன் ஜெர்வாசியோ. வேலையைவிட வாய் வேகமாக ஓடும் ஆள்.

இதெல்லாம் ஒரு குருவிக்காக. ப்ரியோலு. சாம்பல் உடம்பு, கரிய தொப்பி, மூடிய கைக்குள் அடங்கிவிடும். இந்த மலையை விட்டால் உலகத்தில் அதற்கு வேறு வீடில்லை. வெளியிலிருந்து தோட்டத்துக்கு வந்த இஞ்சி மலையேறி, பழைய மரங்களின் காலடியை மூடிவிட்டது. விதை விழுந்தாலும் முளைக்க இடமில்லை. குளிர்காலக் கடைசியில், வேறெதுவும் கிடைக்காத அந்த ஆறு வாரத்தில், குருவி அசெவீஞு மரத்தின் பூமொட்டைத் தின்றுதான் உயிரோடிருக்கும். ஆகவே இஞ்சியை எடு, அசெவீஞுவை நடு. திட்டம் அவ்வளவுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன் மலையின் மேற்குச் சரிவைச் சுத்தம் செய்து முடித்தபோது நர்சரியில் அசெவீஞு நாற்றே இல்லை. விதை முளைக்க இரண்டு குளிர்காலம் ஆகும் என்றார்கள். "கெளையில போத்து வெட்டி நட்டா என்ன?" என்று கேட்டவள் ஒடிலியா. வெட்டப் போனவளும் அவளே. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி எடுக்கவும் சிவப்புப் பழக்கொத்து ஒடிக்கவும் ஊரே போகிற நாலைந்து மரங்கள் இருந்தன. கிளை தெரியாமல் பழுக்கும். அவற்றிலிருந்து வெட்டினாள். பழுக்காத அசெவீஞுவை அந்தப் பக்கத்தில் யாரும் அசெவீஞு என்று சொல்வதில்லை. மலட்டு மரம் என்பார்கள், அடுப்புக்கு அனுப்புவார்கள்.

இருநூற்று நாற்பது போத்துகள் பிழைத்தன. இப்போது அவள் தலைக்கு மேல் நின்றன.

நவம்பரில் தெல்மா வந்தாள். திட்டத்தின் ஆராய்ச்சியாளர். பெருநிலத்திலிருந்து வந்தவள், முப்பது வயது. குழுவுக்கு அவள் டாக்டரம்மா. ஒவ்வொரு மரமாக நின்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஒடிலியா அக்கா, ஒண்ணுலகூட பழம் இல்லையே."

"போன வருஷமும் இல்ல. மண்ணு சரியில்லன்னு நெனச்சேன்."

"போத்து எங்கேர்ந்து வெட்டுனீங்க?"

"நல்ல மரத்துலேர்ந்துதான் டாக்டரம்மா. குடிலுக்கு ஒடிப்போமே, அந்த மரம். பழமா கொட்டும்."

 தெல்மா ஈரமான இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள். "அத்தனையும் பொம்பள மரம், அக்கா. பழம் வைக்கிறது அது மட்டுந்தான். ஆனா பக்கத்துல ஆம்பள மரம் பூத்தாத்தான் வைக்கும். மொட்டும் ஆம்பள மரத்துலதான் கொத்துக் கொத்தா வரும். பொம்பள மரத்துல அங்கொண்ணு இங்கொண்ணுதான். குருவி ஏன் வரலன்னு இப்பத்தான் புரியுது."

"மலட்டு மரம்னு எரிச்சோமே, அதா?"

"அதேதான்."

ஜெர்வாசியோ கொத்தை ஊன்றிச் சாய்ந்தான். "ஞாயித்துக்கிழம பூச மாதிரி ஆயிருச்சு. உள்ள பூரா பொம்பளைங்க. ஆம்பளையெல்லாம் வெளிய நின்னு சிகரெட் பிடிக்கிறானுங்க."

 தெல்மா, தான் சொல்லியாக வேண்டியதைச் சொன்னாள். ஆள் குறைவு, சரிவுகள் அதிகம். இன்னும் இரண்டு வருடத்தில் பட்டியலைத் திருத்துவார்கள். குருவியும் வராமல், விதையும் விழாமல் இருக்கும் சரிவை எடுத்துவிடுவார்கள். குழு வேறு பக்கம் போகும்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒடிலியாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டே வருடம். இஞ்சி இடுப்பு வரை வரும். ஒன்பது வருடம் தோண்டவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். அவளுக்கு அழுகை வரவில்லை.  எடுத்தால் எடுக்கட்டும், முழங்காலாவது மிஞ்சும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். தப்பு தன்னுடையது என்பதுதான் விடவில்லை.

"ஆம்பள நாத்து இப்ப நட்டா?"

"பூக்க எட்டு வருஷம்."

"பூக்கிற மரத்துக் கெளையக் கொண்டாந்து இதுல ஒட்டுக் கட்டுனா?"

தெல்மா அவளைப் பார்த்தாள். "உங்களுக்குக் கட்டத் தெரியுமா?"

"வீட்டுக்குப் பின்னாடி மூணு கஷ்கொட்டை மரம் நிக்குது. மூணும் நான் கட்டுனதுதான்."

ஆண் மரத்தைத் தேடுவது கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் விறகாகப் போயிருந்தன. மார்ச்சில் ஒன்று அகப்பட்டது. மாடு வளர்க்கும் அக்னெலோவின் மேய்ச்சல் நில வேலியோரம், பெரிய மரம். அவர் நிலத்திலேயே கறவை இயந்திரத்தை வைத்துப் பால் கறந்துகொண்டிருந்தார்.

"அக்னெலோ மாமா, அந்த மலட்டு மரத்துல கொஞ்சம் குச்சி வேணும்."

"குச்சி என்ன, மரத்தையே எடுத்துக்கோ. அடுத்த வாரம் வெட்டப்போறேன்."

"வெட்டக் கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் மாட்டின் மடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குருவிக்கா? எங்க பாட்டன் காலத்து ஆரஞ்சுத் தோட்டத்த மொட்டு மொட்டா தின்னு அழிச்சது அந்தக் குருவிதான், தெரியுமா?"

"தோட்டமும் போச்சு, குருவியும் போச்சு. ஒங்க மாடுதான் மாமா மிச்சம்."

"மாடு கேக்குது, ஜாக்கிரத." கறந்து முடித்து நிமிர்ந்தார். "சரி, மரம் நிக்கட்டும். ஒரு காரியம் பண்ணு. வேலியோரம் பூரா இஞ்சி மண்டிக் கெடக்கு. அந்தக் கிழங்கத் தோண்டிட்டு குச்சிய எடுத்துக்கோ. ஒனக்குத்தான் அதுல படிப்பு."

அரைநாள் தோண்டினாள்.

மறுநாள் மழையில் ஒட்டுக் கட்டினாள். பத்தொன்பது மரத்தில். விரல் மரத்துப்போய், கத்தி வெட்டியது மரத்தையா தோலையா என்று தெரியவில்லை. ஜெர்வாசியோ குடை பிடித்தான். "பவனியில சாமியாருக்குப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேன். ஆசீர்வாதமாவது பண்ணுக்கா."

"மொதல்ல நேரா புடி. தண்ணி வெட்டுல எறங்குது."

பதினொன்று பிடித்தன. கோடை முழுக்க அவற்றின் காலடியில் முளைத்த இஞ்சியை எடுத்தாள். பிறகு மழை, பிறகு குளிர். பிப்ரவரியில் ஒட்டுக்கிளைகளின் இலைக்கணுவில் மொட்டு கட்டியது. கொத்துக் கொத்தாக, மிளகு அளவில். ஏப்ரலில் பூக்கும். பூத்தால் நவம்பர் குளிரில், பட்டியல் திருத்த வருகிறவர்கள் கண்ணில் சிவப்பு படும். ஒடிலியா யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் ஏறியதும் முதலில் போய் மொட்டைப் பார்த்துவிட்டுத்தான் பையை இறக்கினாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் மொட்டு இல்லை. மூன்று ஒட்டுகள் வெறும் இலையோடு நின்றன. தரையில் மொட்டின் மேல்தோல், உமி மாதிரி சிதறிக் கிடந்தது. நாலாவது ஒட்டில் சாம்பலாக ஏதோ அசைந்தது.

இரண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. அவசரமே இல்லை. ஒரு மொட்டைக் கிள்ளி, அலகில் உருட்டி, தோலைத் துப்பி, அடுத்ததற்கு நகர்ந்தன, கூலிக்கு வந்தவர்களைப்போல.

"கை தட்டுக்கா, பறந்துரும்," ஜெர்வாசியோ கிசுகிசுத்தான். "பழம் வேணும்ல?"

அவள் கையைத் தூக்கினாள். இரண்டு உள்ளங்கையும் எதிரெதிரே நின்றன. இத்தனை வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. அதன் கழுத்து, மொட்டை விழுங்கும்போது சின்னதாக வீங்கி இறங்கியது. பசி என்பது அவளுக்குத் தெரியும். கையை மெல்ல இறக்கிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் ஏழு ஒட்டுகள் மொட்டையாயின. சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி தெல்மாவைக் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, இந்த வருஷம் பழம் வராது."

"ஐயோ. ஒட்டு பட்டுப்போச்சா?"

"இல்ல. மொட்டப் பூரா தின்னுட்டாங்க."

"யாரு? எலியா?"

"ரெண்டு பேரு. கறுப்புத் தொப்பி போட்டவங்க."

 அந்தப் பக்கம் தெல்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அக்கா, குருவி வந்தா போதும். பழம் வேண்டாம். இனி அந்தச் சரிவ யாரும் எடுக்க முடியாது. இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் பட்டியல்ல இருக்கும். ஆனா ஒட்டு நெறைய வேணும், அதுங்க தின்னது போக மிச்சம் பூக்குற மாதிரி. ஒரு அறுபது கட்டலாமா?"

"கட்டலாம்," என்றாள் ஒடிலியா. 

இறங்கி வந்து ஈரப் பாறையில் உட்கார்ந்தாள். ஜெர்வாசியோ ரொட்டியைப் பிட்டு நீட்டினான். "என்னவாம்?"

"சரிவு நமக்குத்தான். அஞ்சு வருஷம்."

"அப்ப ஜெயிச்சிட்டோமா?"

"அறுபது தாண்டிரும் எனக்கு."

அவன் எழுந்து கையை நீட்டினான். மேகம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கிருந்தோ மெல்லிய சீழ்க்கை ஒன்று, சற்றுக் கழித்து இன்னொன்று. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருடா," என்றாள். "இப்ப எந்திரிக்க முடியல."