பாஸ்போர்ட்டில் ஏறாத பிள்ளை

யுத்தம் முடிந்த மூன்றாம் வருஷம், தை மாதம். மலாயாவில் நான் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்க்கும் ரப்பர்த் தோட்டத்துக்கு, லீவு முடிந்து குடும்பத்தோடு புறப்பட்டேன். கைக்குழந்தையோடு கப்பலேறப் போகும் நம் பக்கத்துக்காரர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பண்ணைப்புரத்திலிருந்து உத்தமபாளையம் வரை மாட்டுவண்டி, ஆறு மைல். அங்கே காலை ஆறு மணிக்கு மதுரை பஸ். ஆளுக்கு இரண்டு ரூபாய். போடி ரயில் பாதையை யுத்தத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் தேனியில் ரயில் கிடையாது. வீரபாண்டியைத் தாண்டும்போது என் மனைவி செல்லம்மாள் பஸ்ஸிலிருந்தே கௌமாரியம்மனைக் கும்பிட்டாள். மதுரையில் ரயிலேறி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாகப்பட்டணம். கப்பல் மாலை நான்குக்கு.

துறைமுகத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "சுப்பையா, வயது நாலு. சரி. இடுப்புல இருக்கிற குழந்தை யாரு? பேரே இல்லையே?"

"என் மகள் பவளம் சார். மனுவிலே எழுதியிருக்கேனே!"

செல்லம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, நீங்க வெளிய போயிருந்தப்ப பாஸ்போர்ட்டு விசாரணைக்கு வந்தாகள்ல, எத்தன புள்ளைன்னு கேட்டாக. மூத்தவனச் சாகக் குடுத்தவ நானு. இருக்கிறத எண்ணிச் சொல்ல எனக்கு வாய் வருமா? ஒண்ணுதான்னுட்டேன். தொட்டில்ல கெடந்தவள அடுத்த வீட்டுப் புள்ளைன்னுட்டேன்."

கண்பட்டுவிடும் என்று ஒன்றைக் குறைத்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அவளை எப்படித் திட்டுவேன்? பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று, என் போட்டோவைப் பார்த்துப் பூரித்துப்போய் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டாத மடையன் நான்தானே!

அதிகாரி மசியவில்லை. அடுத்த கப்பல் வரை இருந்தால் வேலை போய்விடும். மணி இரண்டுக்கு செல்லம்மாளே முடிவு சொன்னாள். "சுப்பையாவ நீங்க கூட்டிட்டுப் போங்க. ஊரெல்லாம் விசக்காய்ச்சலா இருக்கு. இவனையும் அங்கன வச்சுப் பறிகுடுக்க மாட்டேன்."

வழியனுப்ப வந்திருந்த அவள் அண்ணனோடு பவளத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். பினாங்கு வரை சுப்பையா அழுதான். எனக்கு யாரிடம் அழுவதென்று தெரியவில்லை.

பவளத்தின் பேரை ஏற்ற இரண்டு வருஷம் பிடித்தது. சென்னைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடுவே மனு நடையாய் நடந்தது. அதனால் சொல்கிறேன்: விசாரணைக்கு ஆள் வரும் நாளில் வீட்டில் இருங்கள். பாஸ்போர்ட் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் விரல் வைத்துப் படியுங்கள். கண்ணேறு கழிக்கக் கைப்பிடி மிளகாய் போதும். தயவுசெய்து எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

ஒருவழியாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பினாங்குத் துறையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இளைத்துக் கறுத்துப்போன செல்லம்மாள் "ஏலே சுப்பையா!" என்று ஓடிவந்தாள். ஆறு வயதுப் பையன் என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அவுக யாருப்பா?" என்று கேட்டான்.

மெதுவாகத்தான் கேட்டான். ஆனாலும் அவள் காதில் விழுந்துவிட்டது.