செகப்பு பூத்த கட்டை

போன புரட்டாசியில் ஒரு காலை நேரம், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு காளானுக்கு முன்னால் நின்றேன்.

சிரிக்காதீர்கள். காளான் என்று தெரிந்து கழற்றவில்லை. யாரோ மரக்கட்டைக்குக் குங்குமம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இந்த அரைப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியும். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவன். சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண் மூடி, புகைய விட்டுக் கரியாக்குகிற வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் மட்டும் எப்படியோ வருகிறது.

அன்றைக்கு என் கையில் மரம் அறுக்கிற மெஷின் இருந்தது. எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டுக்குள் நின்றிருந்தேன். மூன்று நாளில் புரவி எடுப்பு. வேளார் வீட்டில் மண்குதிரை செய்து, ஊரே சேர்ந்து தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனாருக்கு முன்னால் நிறுத்துகிற திருவிழா. பல வருடம் நடக்காமல் கிடந்து, இந்த வருடம்தான் கூடி வந்தது.

குதிரை போகிற பாதையில் ஒரு உசிலை மரம் விழுந்து கிடந்தது. பட்டுப்போய் நின்ற மரம். ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. இடுப்பு உயரம். இரண்டு கையால் கட்டிப் பிடித்தாலும் விரலோடு விரல் முட்டாது.

தாண்டித் தூக்கிப் போகலாமே என்பீர்கள். பதினாறு பேர் தோளில் ஆள் உயரத்துக்கு மண்குதிரை. ஒருத்தருக்குக் கால் இடறினால் போச்சு. குதிரை உடைந்தால் ஊருக்கு ஆகாது.

அறுத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் கோயில் காட்டிலிருந்து சுள்ளிகூட வெளியே எடுக்க மாட்டோம். அதனால் ஆவணியிலேயே சாமி முன்னால் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு வாங்கியாகிவிட்டது. அறுக்கிற கட்டையைத் திருவிழாப் பொங்கலுக்கு எரிப்பதாகப் பேச்சு. விழாக் கமிட்டித் தலைவர் பெரியசாமி அண்ணன் டீக்கடையில் வைத்து, "முருகையா, நீ மெஷினத் தூக்கிட்டு வந்துரு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். ஐம்பது வருடமாக அப்படித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

போய்ப் பார்த்தால் – சிவப்பு.

கட்டையின் பக்கவாட்டில் வரிசையாக அரைத்தட்டு அரைத்தட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. சில ஒற்றை ரூபாய் அளவு, சில உள்ளங்கை அளவு. களத்தில் முதல் நாள் கொட்டிய மிளகாய்ப் பழத்தின் நிறம். மழைக் கறுப்பில் நனைந்து கிடந்த அந்தக் காட்டில், அது மட்டும் அடுப்புக் கங்கு மாதிரி எரிந்தது. தொட்டுப் பார்த்தேன். குங்குமம் விரலில் ஒட்டவில்லை. தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. அடியில் ஊசியால் குத்தினது போலப் பொடிப் பொடி ஓட்டை.

எங்கள் ஊரில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. செகப்பு. அவ்வளவுதான். 'கட்டையில செகப்பு பூத்துருக்கு' என்பார்கள். பூத்துவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சிவப்பு வெளுத்துச் சாம்பல் நிறம் ஆகிற வரைக்கும் கட்டை சாமியுடையது. இரும்பு படக் கூடாது. யார் வாங்கிய உத்தரவும் செல்லாது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காளான் கண்ணில் பட்டு இருபது வருடம் ஆனதால், எல்லோரும் மறந்தும் போன விஷயம்.

பெரியசாமி அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்னலே, செருப்பக் கழட்டிட்டு நிக்கிற? நேர்த்திக்கடனா?"

"அண்ணே... செகப்பு."

குனிந்து பார்த்தார். ஒரு நொடி அவர் முகமும் மாறியது. உடனே சரியாக்கிக்கொண்டார்.

"இது பங்கஸுலே. மழைக்கு வாரது. ரெண்டு மூடி டெட்டால ஊத்திக் கழுவிட்டு அறு. உத்தரவுதான் வாங்கியாச்சுல்ல."

"பூப்போட்டுப் பாக்கும்போது இது இல்லண்ணே."

நான் இவ்வளவு நீளமாக எதிர்த்துப் பேசி அவர் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

"அப்பக் குதிரைய ஒந் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போவியா? மூணு நாளுதான் கெடக்கு. வேளார் வீட்ல குதிரைக்கு வெள்ளையடிச்சாச்சு. வெளியூரு சனத்துக்கெல்லாம் போனு போட்டாச்சு."

மெஷினைக் கீழே வைத்தேன். "அறுக்க மாட்டேண்ணே" என்று சொல்லத்தான் நினைத்தேன். வார்த்தை வரவில்லை. மெஷின் வைத்த சத்தத்தை அவர் புரிந்துகொண்டார்.

ஒரு பக்கம் கண்மாய். புதுத் தண்ணீர், முழங்கால் சேறு. இன்னொரு பக்கம் ஒரு பருத்திக்காடு. அதற்குள் நுழைந்து சுற்றினால் கோயிலுக்குப் பக்கவாட்டில் போய்விடலாம். இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தோம். ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டோம்.

ஏனென்றால் அது செல்லத்துரையுடைய நிலம்.

"காளானுக்கு நீதான வக்கீலு" என்றார் பெரியசாமி அண்ணன். "நீயே போயிக் கேளு. நாளைக்குள்ள வழி கெடைக்கல... நரிக்குடியில வேற மெஷின் இருக்கு."

செல்லத்துரை என் பங்காளி. சித்தப்பா மகன். என்னைவிட நாலு மாதம் இளையவன். ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. காரணம், எங்கள் இருவர் நிலத்துக்கும் நடுவில் வரப்பில் நின்ற ஒரு வேம்பு. என் பக்கத்து மரம் என்று நினைத்து ஒரு காலையில் அறுத்துவிட்டேன். போகிற வழியில்தான் அவன் வீடு. நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். அதனால் கேட்காமலே அறுத்தேன். மத்தியானம் அவன் வந்து பார்த்தபோது, மரம் லோடு ஏறியிருந்தது.

கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்காதவர்கள் எல்லோரும் சாதுக்கள் என்று ஊர் சொல்லும். நம்பாதீர்கள். நான் செய்த ஆகப் பெரிய தப்பு, நான் பேசாமல் செய்ததுதான்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி பேச்சியம்மாள் கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

"பேச வரலைன்னா எழுதிக் கொண்டுபோயிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் அரப்பக்கம் எழுத வருதுல்ல."

"அவன் படிக்க மாட்டான்."

"வாரா வாரம் டீக்கடையில மொத ஆளா எடுத்துப் படிக்கிறது ஒங்க தம்பிதான். ஊருக்கே தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது."

அது எனக்குப் புதுச் செய்தி.

மறுநாள் விடியக்காலம் போனேன். செல்லத்துரை நிலத்தின் நடுவில் நின்று மயில் விரட்டிக்கொண்டிருந்தான். பருத்தி அப்போதுதான் முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அந்தப் பருவத்தில் மயில் இறங்கினால் வரிசையாகக் கொத்திப் போட்டுவிடும். கையில் எண்ணெய் டின்னும் குச்சியும்.

"ஏலே..." என்றேன்.

டின்னைத் தட்டினான்.

"செல்லத்துரை..."

மறுபடி தட்டினான். "மயிலு வருது" என்றான், காற்றைப் பார்த்து. எனக்குத் தெரிந்து ஒரு மயிலும் வரவில்லை.

நான் வாயைத் திறக்கிற போதெல்லாம் தட்டினான். நாலாவது தடவை, தட்டுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் சொல்லிவிட்டேன்.

"கட்டையில செகப்பு பூத்துருக்கு."

குச்சி நின்றது.

"எந்தக் கட்டையில?"

"கோயில் பாதையில கெடக்குற உசிலங்கட்டையில."

"நீ எதுக்கு அங்க போன?"

"அறுக்க."

"அறுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்? ஒனக்குத்தான் அறுக்குறதுக்கு யார்ட்டயும் கேக்குற பழக்கம் கெடையாதே."

ஆறு வருடமாக வாயில் வைத்திருந்த வார்த்தை. சூடு குறையாமல் வந்தது.

"அன்னைக்குக் கேட்டுருக்கணும்" என்றேன். "கேக்க வெக்கமா இருந்துச்சு."

"மரத்த வெட்ட வெக்கமில்ல. கேக்கத்தான் வெக்கம். இல்ல?"

"தப்புத்தான்."

அவன் குச்சியால் மண்ணைக் கிளறினான். நானே சொன்னேன். "குதிர ஒங் காட்டு வழியா சுத்திப் போகணும். செடி போயிரும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

டின்னையும் குச்சியையும் என் கையில் திணித்தான். "மயிலப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தான்.

அரை மணி நேரம் நான் பங்காளி நிலத்துக்கு மயில் விரட்டினேன். இந்தத் தடவை உண்மையாகவே நாலு மயில் வந்தது.

திரும்பி வந்தவன் காலில் செருப்பு இல்லை. கையில் வைத்திருந்தான்.

"எம்புட்டு அகலம் வேணும்?"

"ஆறு முழம் இருந்தாப் போதும்."

"எட்டு வச்சுக்க. தூக்குறவுகளுக்குக் கால் வெலகணும்." பிறகு டின்னை வாங்கிக்கொண்டான். "நீ கேட்டங்கிறதுக்காக இல்ல."

"தெரியும்" என்றேன்.

திருவிழா அன்று சாயங்காலம் கரிசல் ஈரமாக இருந்தது. காலில் அப்பும். செல்லத்துரை தன் மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டையை அவிழ்த்து எட்டு முழ அகலத்துக்குப் பரப்பினான். நானும் பரப்பினேன். பேசிக்கொள்ளவில்லை. ஒரே தட்டைக் கட்டின் முடிச்சை இருவரும் ஒரே நேரத்தில் அவிழ்த்தோம். எங்களுக்கு அது போதும்.

கொட்டுச் சத்தத்தோடு குதிரை வந்தது. கோயில் காட்டு ஓரத்தில் நின்று, கட்டையைப் பார்த்தது போல ஒரு நிமிடம் நின்று, பருத்திக்குள் திரும்பியது. பதினாறு பேரும் ஒரே அடி வைத்தார்கள். பின்னால் ஊர் சனம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை... தட்டையை விட்டு ஒருத்தர் இறங்கவில்லை. எட்டு முழத்துக்கு வெளியே ஒரு செடி சாயவில்லை. பாலவனத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு ஆள், பக்கத்தில் போன எங்கள் ஊர் அம்மாவிடம் கேட்டார்:

"பாதையிருக்க, எதுக்குங்க இப்புடிச் சுத்திப் போறீக?"

"கட்டையில செகப்பு பூத்துருக்கு" என்றாள் அந்த அம்மா, நடையை நிறுத்தாமல். அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பது போல.

நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நெஞ்சு நிறைந்துபோனது. பெருமை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த அம்மாவின் குரலைத்தான் சொல்வேன்.

என் மகள் அருப்புக்கோட்டையில் கல்லூரி படிக்கிறாள். காளானைப் போனில் படம் எடுத்துப்போய் அவள் ஆசிரியரிடம் காட்டியிருக்கிறாள். செத்த மரத்தைத் தின்று மண்ணாக்குகிற காளானாம். அதனால் கட்டை உள்ளுக்குள் வெளுத்து இற்றுப்போகுமாம். இதை மட்டும் நானே சொல்லியிருப்பேன். சிவப்பு பூத்த கட்டையை மூட்டத்தில் வைத்தால் கரி விழாது, பொடிதான் விழும். மூட்டக்காரன் எவனும் அதைத் தொட மாட்டான். இது காடுகளில் வருகிறது என்று சொல்லிவிட்டு அந்த ஆசிரியர் கேட்டாராம்: "உங்க ஊர்ப் பக்கம் ஏதும்மா காடு?"

கேட்டதில் தப்பில்லை. ஆபீசில் ஒருத்தர்மேல் கோபம் வந்தால், தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார்களே – அந்தக் காடு நாங்கள்தான். எங்கள் பக்கம் என்றால் முள்ளும் வெயிலும்தான் என்று வெளியூரில் நினைப்பு. நாங்களே கொஞ்சம் அப்படி நினைத்துவிட்டோம்.

"இருக்கு சார்" என்றாளாம் என் மகள். "ஒண்ணே முக்கால் ஏக்கர்."

என் பிள்ளைக்கு என் வெட்கம் வரவில்லை. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

ஐப்பசி மழை முடிந்ததும் பெரியசாமி அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டையைப் பார்த்தார். பழைய சிவப்பு ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்ல சாம்பலாயிரும்லே, அப்புறம் அறுத்துறலாம்" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்தவர், வேர்ப் பக்கம் வந்ததும் நின்றார். அங்கே புதிதாக நாலு. சுண்டுவிரல் நகம் அளவில், பச்சைப் பிள்ளை மாதிரி.

அண்ணன் பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். டெட்டால் பேச்சே எடுக்கவில்லை.

"அடுத்த தடவையும் சுத்தித்தான் போகணும் போல" என்றார்.

வெளியே வந்து பார்த்தேன். செல்லத்துரை பருத்திக்காட்டில், செடி செத்துப்போன இடத்திலெல்லாம் மறுவிதைப்புப் போட்டிருக்கிறான். மயில் கொத்திய இடம், தண்ணீர் நின்ற இடம் எல்லாம் புதுச் செடி. குதிரை போன எட்டு முழத்தில் மட்டும் ஒரு விதை இல்லை.

கேட்டால், விதை பத்தவில்லை என்கிறான்.