பேசாதவளும் பேச முடியாதவரும்

பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரு ஞாயிறு காலை. கூட நடந்துகொண்டிருந்த அத்தான் சட்டென்று நின்று, என் விரல்களை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தார். தோலுக்கடியில் கோலிக்குண்டு அளவில் ஏதோ தட்டுப்பட்டது. எதிரே கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. படகுகள் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரிந்தன.

“அக்காகிட்ட சொல்லிடாத லா. பயந்துடுவா.”

அத்தான் பேருந்து ஓட்டுநர். எதற்கும் பதறாதவர். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. தொண்டையில் புற்றுநோய், கழுத்துக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகும் இருவரும் மறைத்தோம். அவருடைய போனில் வந்த மருத்துவமனைக் குறுஞ்செய்தியை அக்கா பார்த்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. “கட்டுன பொண்டாட்டி எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?” என்றாள். அதன்பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கூடவே வந்தாள். ரோபோ கருவியால் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது.

“ரோபோ அதுவா வெட்டுமா டாக்டர்?” என்று கேட்டார் அத்தான்.

“இல்ல அங்கிள், என் கை போகாத இடத்துக்கு அது போகும். ஓட்டுறது நான்தான்,” என்றார் அந்தப் பெண் மருத்துவர்.

“அப்ப நீங்களும் டிரைவர்தான்!”

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வாய் வழியாக மெல்லிய கருவிகளைச் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். கழுத்தைக் கீறி நிணநீர்க் கணுக்களை அகற்றினார்கள். நாங்கள் காத்திருந்த அந்த நேரம் முழுவதும் தண்ணீருக்கடியில் கழிந்ததாகவே நினைவிருக்கிறது. மனிதர்கள் மிதந்து போனார்கள். யார் பேசியதும் காதில் விழவில்லை.

பிறகு வந்த நாட்களில் அத்தானுக்கு மூக்கில் உணவுக்குழாய். பேச வரவில்லை. வேண்டியதைச் சிறு பலகையில் எழுதிக் காட்டுவார். அக்கா படிப்பாள், செய்வாள், வாய் திறக்கமாட்டாள். ஒருநாள் ‘மன்னிச்சிடு’ என்று எழுதினார். அதை அழித்துவிட்டுப் பலகையைத் திருப்பிக் கொடுத்தாள்.

விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் வந்து ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார். அத்தான் இருமினார். அக்காவின் கை கட்டில் கம்பியை இறுகப் பற்றியது. அடுத்த கரண்டி மெதுவாக இறங்கியது. கண்ணில் நீர் வழிய, உடைந்த குரலில் அக்காவின் பெயரைச் சொன்னார். ‘இந்தாம்மா’ என்று கூப்பிட்டே பழகியவர்.

“பேசாதீங்க,” என்றாள் அக்கா, அழுதுகொண்டே. “மொதல்ல முழுங்குங்க.”

கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து வருடங்களாகிவிட்டன. நோய் திரும்பவில்லை. இப்போது செராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் மூவரும் உட்கார்ந்தால், வறண்ட தொண்டையில் இறங்குவதற்காக அத்தான் சோறு மிதக்கும் அளவுக்கு ரசம் ஊற்றிக்கொள்கிறார். அக்கா ஓயாமல் பேசுகிறாள். ஏதாவது கேட்டால் அவர் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அதுவரை அவள் அவர் தொண்டையையே பார்த்தபடி காத்திருக்கிறாள்.