ஒரே சுவிட்சில் சொருகிய கேபிள்கள்

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் மூன்று சர்வர்களையும் இணைத்தது நான்தான். ஒவ்வொரு படமும் இரண்டு சர்வர்களில் இருக்கும். சர்வர்கள் தங்களுக்குள் பிரதி எடுக்க ஒரு நெட்வொர்க், டாக்டர்கள் படம் பார்க்க இன்னொன்று என்று வரைபடத்தில் நானே பிரித்துப் போட்டிருந்தேன். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச், அதாவது கேபிள்களைச் சேர்க்கும் கருவி, வேண்டும். இரண்டாவது சுவிட்ச் வரத் தாமதமானதால் எல்லாக் கேபிளையும் ஒன்றிலேயே சொருகினேன். அது வந்த பிறகும் பெட்டியைப் பிரிக்கவில்லை. எல்லாம்தான் ஓடுகிறதே என்ற அசட்டை.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு டிஸ்க் போனது. அதிலிருந்த படங்களுக்கு மறுபடி பிரதி எடுக்க சர்வர்கள் தொடங்கியதும் சுவிட்ச் திணறியது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று சர்வர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகூடப் போய்ச் சேரவில்லை. மற்றது செத்துவிட்டதென்று எண்ணி ஒவ்வொன்றும் இன்னும் பிரதி எடுக்கப் பார்த்தது. பதற்றத்தில் நான் ஒரு சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அதோடு எந்தப் படமும் திறக்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் போனில் மலையாளத்தில் கத்தினார். "படம் எவிடே? ரோகி டேபிளில் கிடக்குவா!"

சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கட்டிடத் தொழிலாளி. தென்காசிப் பக்கத்துக்காரர்.

பக்கத்து இருக்கை அக்கா, நாகர்கோவில்காரர், கீபோர்டைப் பிடுங்கினார்.

"மொதல்ல இந்தக் காப்பி எடுக்கத நிறுத்துகேன்."

"நிறுத்துனா பல படத்துக்கு ஒத்தக் காப்பிதான்க்கா. இன்னொரு டிஸ்க்கும் போச்சுன்னா?"

"போனா அப்பம் பாப்போம். இது அடங்கதுக்கு நேரமாவும். அந்த ஆளுக்க படம் ஸ்கேன் மெஷின்லயே கெடக்கும். நீ ஓடு!"

ஓடினேன். படம் இருந்தது. ஃபிலிம் அச்சாகி வரும்வரை அந்த இயந்திரத்தைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி ஏறினேன். தியேட்டர் வாசலில் அந்தத் தொழிலாளியின் மனைவி நின்றிருந்தாள், சேலையெல்லாம் சிமெண்ட்.

"ஏன் சார் இன்னும் ஆரம்பிக்கல?"

"இப்ப ஆரம்பிச்சிருவாங்கம்மா."

மத்தியானம் நானும் அக்காவும் புதுச் சுவிட்சை மாட்டி, கேபிள்களைப் பிரித்தோம். ஒரு படமும் தொலையவில்லை. தவறு என்னுடையது என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

அந்தத் தொழிலாளி பிழைத்தார். வலது கை மட்டும் எழவில்லை. தாமதத்தால் அல்ல என்றார் டாக்டர். நிச்சயமாகத்தானா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. வார்டு வழியே போனபோது அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு எழுந்தாள்.

"நீங்கதான சார் படத்தத் தூக்கிட்டு ஓடியாந்தீங்க? நல்லா இருக்கணும் நீங்க."

சுவிட்சைப் பெட்டியிலேயே போட்டு வைத்தவன் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.